முத்திரை இல்லாத மடல்

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலப் பரப்பின் ஓரத்தில், பாலாவித் தீர்த்தத்தின் கரையில் அமைந்துள்ளது திருக்கேதீஸ்வரம். ஞானசம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய திருத்தலம் அது. அத்தலத்தைச் சூழ்ந்து கிடக்கும் மேட்டு நிலம் முன்னாளில் மாதோட்டம் என்னும் பெருந்துறைமுகமாக விளங்கிற்று. அருவியாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில் இருந்தமையால், அனுராதபுரத் தலைநகருக்கு அதுவே கடல்வாயிலாகவும் இருந்தது. பாரசீகத்துக் கப்பலும் சீனத்துப் பண்டமும் வந்து சேர்ந்த துறை அது என்பதற்கு, 1980 முதல் 1984 வரை அங்கு நிகழ்ந்த அகழ்வாராய்ச்சி சான்றுகள் பலவற்றை வெளிக்கொணர்ந்தது. அச்சான்றுகளுள் அளவிற் சிறியதாயினும் பொருளிற் பெரியதாய் ஒன்றுண்டு. அது பாரசீக முத்திரை பதித்த ஒரு களிமண் துண்டு.

அக்காலத்து வணிகன் பொதியைக் கயிற்றாற் கட்டி, முடிச்சின்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் தன் முத்திரையைப் பதித்து அனுப்புவான். மறுகரையில் அதனைப் பெறுபவன் முதலில் பொதியைப் பிரிக்க மாட்டான், முத்திரையைத்தான் பார்ப்பான். இதனை அனுப்பியவர் யார்? வழியில் எவரேனும் இதனைப் பிரித்தனரா? இவ்விரு வினாக்களுக்கும் அம்மண் துண்டு விடை கூறிற்று. மொழி தெரியாத இருவர், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே கொடுக்கல் வாங்கல் செய்ய முடிந்ததற்கு இத்தகைய ஏற்பாடுகளே காரணமாயின.

இன்று மாதோட்டத்துக் கரையில் கப்பல்கள் இல்லை. ஆயினும் அவ்வூர்களில் வாழும் மக்களின் கையிலுள்ள தொலைபேசிக்கு நாள்தோறும் கடல் கடந்து மடல்கள் வந்து சேர்கின்றன. வங்கியின் பெயரால் வருவன சில. தபால் திணைக்களத்தின் பெயரால் வருவன சில. உறவினர் பெயரால் வருவன வேறு சில. அவற்றைத் திறக்குமுன் மாதோட்டத்து வணிகன் கேட்ட அவ்விரு வினாக்களைக் கேட்பவர் எத்தனை பேர்? கேளாமையால் வாழ்நாட் சேமிப்பை ஒரு பிற்பகலில் இழந்தோர் உலகெங்கும் உளர். அவ்விழப்பு நேரும் வகையையும் அதனைத் தவிர்க்கும் வழியையும் அறிந்து கொள்ளுதல் இன்று எழுத்தறிவின் ஒரு பகுதியாகிவிட்டது.

இவ்வகை மோசடிக்கு ஆங்கிலத்தில் 'பிஷிங்' என்று பெயர். மீன் பிடித்தலைக் குறிக்கும் சொல்லையே சற்று எழுத்து மாற்றி வழங்கிய பெயர் அது. 1990களின் நடுப்பகுதியில், 'அமெரிக்கா ஒன்லைன்' என்னும் இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளரை ஏய்த்து, அவர்களுடைய கடவுச்சொற்களைக் கவர்ந்தவர்களிடையே இச்சொல் தோன்றியது. தமிழில் இதனைத் தூண்டில் மடல் எனலாம். மன்னார்க் கரையில் பிறந்தவர்களுக்குத் தூண்டிலைப் பற்றி விளக்க வேண்டுவதில்லை. வலை வீசுவோன் மீனைத் தேடிச் செல்கிறான். தூண்டிலிடுவோனோ மீன் தானாக வரும்வரை காத்திருக்கிறான். இரை கண்ணுக்குத் தெரியும், முள் தெரியாது. தூண்டில் மடலும் அத்தகையதே. திருடன் வீட்டுப் பூட்டை உடைப்பதில்லை. வீட்டுக்காரரே திறவுகோலைக் கொண்டுவந்து கையிற் கொடுக்கும்படி செய்கிறான்.

இஃது எவ்வாறு இயலுகின்றது என்பதை அறிய, மின்னஞ்சல் என்னும் அமைப்பின் பிறப்பைச் சிறிது நோக்குதல் தகும். இன்று மின்னஞ்சலைச் சுமந்து செல்லும் விதிமுறை 1982ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அக்காலத்தில் கணினி வலையைப் பயன்படுத்தியோர் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுகூடங்களையும் சேர்ந்த சிலரே. ஒருவரை ஒருவர் அறிந்த கூட்டத்தில் ஆளடையாளம் காட்ட வேண்டிய தேவை எழவில்லை. ஆகவே, அனுப்புநர் பெயர் என்னும் இடத்தில் அனுப்புபவர் எதனை எழுதினாலும் அவ்வமைப்பு அதனை அப்படியே சுமந்து சென்றது. கடித உறையின் பின்புறத்தில் ஒருவன் தன் பெயருக்குப் பதிலாக மத்திய வங்கியின் ஆளுநர் பெயரை எழுதித் தபாற்பெட்டியில் இட்டால், தபாற்காரர் அதனைத் தடுப்பாரா? மின்னஞ்சலின் நிலையும் அதுவே.

இக்குறையைப் போக்கப் பிற்காலத்தில் சில முத்திரை முறைகள் புகுத்தப்பட்டன. ஒரு நிறுவனத்தின் முகவரியிலிருந்து வருவதாகக் கூறும் மடல் மெய்யாகவே அந்நிறுவனத்தின் கணினியிலிருந்து வந்ததா என்பதை அம்முறைகள் சோதிக்கின்றன. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் கூகிள், யாகூ ஆகிய நிறுவனங்கள் பெருந்தொகையாக மடல் அனுப்புவோர் இம்முத்திரைகளை இட்டே தீரவேண்டும் என்று விதித்தன. இதனால் நன்மை உண்டு. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. திருடன் வங்கியின் பெயரை ஒத்த புதியதொரு பெயரைத் தன் பெயரிலேயே பதிவு செய்து, அதற்குரிய முத்திரையை முறைப்படி இட்டு அனுப்பலாம். அப்பொழுது முத்திரை மெய்யானதே. அதனை இட்டவன் மட்டுமே பொய்யன்.

பழைய தலைமுறையினருக்கு இத்தொல்லை இருந்ததில்லை. 1914ஆம் ஆண்டு தொடங்கித் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல், பயணிகளோடு தபால் மூட்டைகளையும் சுமந்து வந்தது. 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அவ்வழியே வந்த கடிதங்கள் பல. உறையைக் கண்டவுடனே, "இது தம்பியின் எழுத்து", "இது மாமாவின் எழுத்து" என்று வீட்டிலுள்ளோர் கூறிவிடுவர். கையெழுத்தே முத்திரையாக இருந்த காலம் அது. பின்னர் வந்த போரினால் மன்னார்க் கரையோரத்துக் குடும்பங்கள் பல சிதறின. தமிழ்நாட்டில் ஒருவர், கனடாவில் ஒருவர், ஐரோப்பாவில் ஒருவர் எனப் பிள்ளைகள் பிரிந்து வாழும் வீடுகள் இன்று மிகுதி. அவர்களை இணைப்பது கைத்தொலைபேசியின் சிறு திரை ஒன்றே. அத்திரையில் எல்லோருடைய எழுத்தும் ஒரே எழுத்து. மகனின் மடலும் மோசக்காரனின் மடலும் ஒரே அச்சில் வருகின்றன.

தூண்டில் மடல் செயற்படும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். மாந்தையில் வாழும் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலுள்ள மகள் மாதந்தோறும் அனுப்பும் பணம் அவருடைய வங்கிக் கணக்கில் சேர்கின்றது. ஒரு நாட்காலை அவருக்கு வங்கியின் இலச்சினையோடு ஒரு மடல் வருகின்றது. 'தங்கள் கணக்கில் ஐயத்துக்குரிய செயல் காணப்பட்டுள்ளது. 24 மணித்தியாலத்துள் விவரங்களை உறுதி செய்யாவிடின் கணக்கு முடக்கப்படும்' என்பது அதன் வாசகம். கீழே அழுத்துவதற்கு ஓர் இணைப்பு. ஆசிரியர் பதறுகிறார். மகள் அனுப்பிய பணம் முடங்கிவிடுமோ என்னும் அச்சம் அவரை ஆட்கொள்கிறது. இணைப்பை அழுத்துகிறார். வங்கியின் இணையத்தளத்தை ஒத்த பக்கம் தோன்றுகின்றது. பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதுகிறார்.

அவர் எழுதிய கணத்திலேயே, எங்கோ இருக்கும் மோசக்காரன் அதே பெயரையும் கடவுச்சொல்லையும் வங்கியின் உண்மையான தளத்தில் இடுகிறான். வங்கி தன் வழக்கப்படி ஆசிரியரின் தொலைபேசிக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்றை அனுப்புகிறது. போலிப் பக்கம் அதனையும் கேட்கிறது. வங்கியிலிருந்தே குறியீடு வந்தமையால் ஆசிரியரின் ஐயம் முற்றும் தீர்ந்துவிடுகிறது. அவர் அதனையும் எழுதுகிறார். சில நிமிடங்களில் கணக்கு வெறுமையாகிவிடுகிறது. பாதுகாப்புக்காக ஏற்படுத்திய இரண்டாம் பூட்டையும் அவர் கையாலேயே திறக்கச் செய்ததுதான் இச்சூழ்ச்சியின் நுட்பம். அந்தக் குறியீடு காசோலையில் இடும் கையொப்பத்துக்கு நிகரானது என்பதை அவருக்கு எவரும் முன்னர் எடுத்துரைக்கவில்லை.

ஆசிரியர் அறிவில்லாதவர் அல்லர். அவரை வீழ்த்தியது அறியாமையன்று, அச்சமும் அவசரமுமே. தூண்டில் மடல்கள் யாவும் மனிதனின் இயல்பான உணர்ச்சிகளுள் ஒன்றையே இரையாகக் கோக்கின்றன. கணக்கு முடங்கும், வழக்கு வரும், மின்சாரம் துண்டிக்கப்படும் என்பன அச்சத்தை எழுப்புவன. பரிசு விழுந்துள்ளது, வெளிநாட்டில் வேலை காத்திருக்கிறது, விசா கிடைத்துவிட்டது என்பன ஆசையை எழுப்புவன. உறவினர் ஒருவர் விமான நிலையத்தில் அகப்பட்டுள்ளார், உடனே பணம் வேண்டும் என்பது அன்பை இரையாக்குவது. பொதி வந்து தபாற்கந்தோரில் கிடக்கிறது, சிறு கட்டணம் செலுத்தினாற் போதும் என்பது அலட்சியத்தை இரையாக்குவது; தொகை சிறிதாகையால் எவரும் ஆராய்வதில்லை, ஆனால் அச்சிறு தொகையைச் செலுத்தும்பொழுது வங்கி அட்டையின் இலக்கங்கள் முழுவதும் கைமாறிவிடுகின்றன. இலங்கைத் தபால் திணைக்களத்தின் பெயரால் இத்தகைய செய்திகள் பரவியபொழுது, அவற்றை நம்ப வேண்டாமென்று அத்திணைக்களமே பொதுமக்களை எச்சரிக்க நேர்ந்தது.

பக்தியும் இரையாகலாம் என்பதைத் திருக்கேதீஸ்வரத்தை நினைவில் வைத்திருப்போர் சிறப்பாக எண்ணுதல் வேண்டும். போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்த அக்கோயிலை மீட்டெடுக்க வேண்டுமென்று 1872ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் சைவ மக்களைத் தூண்டினார். பிற்காலத்தில் அடியார் பலர் பொருளுதவி செய்து திருப்பணியை நிறைவேற்றினர். 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கும்பாபிஷேகமும் நிகழ்ந்தது. நாவலரின் வேண்டுகோளை மக்கள் ஏற்றமைக்கு, விடுத்தவர் யார் என்பதை அவர்கள் அறிந்திருந்தது ஒரு காரணம். இன்று திருப்பணி, அன்னதானம், வெள்ள நிவாரணம் என்னும் பெயர்களால் முன்பின் அறியாத முகவரியிலிருந்து மடல் ஒன்று வருமாயின், அதிலுள்ள கணக்கிலக்கத்துக்குப் பணம் அனுப்புதல் தர்மமாகாது. ஊரில் உள்ள அறிந்தவர் ஒருவரை அழைத்துக் கேட்டபின் கொடுப்பதே தர்மத்தைக் காக்கும் முறை.

தனி மனிதர் மட்டுமன்றி நாடுகளின் கருவூலங்களும் தூண்டில் மடலால் கொள்ளை போயின. அவற்றுள் இலங்கையோடு தொடர்புடைய நிகழ்ச்சியொன்று யாவரும் அறியத்தக்கது. 2015ஆம் ஆண்டு ஜனவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் ஊழியர் சிலருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வேலை தேடும் ஒருவர் பணிவோடு எழுதியது போன்ற மடல் அது. தம்மைப் பற்றிய விவரக் கோவையைக் கீழ்க்காணும் இணைப்பிற் காணலாம் என்று அதில் எழுதியிருந்தது. இணைப்பைத் திறந்தவர்களின் கணினி வழியே தீய நிரல் வங்கிக்குள் புகுந்தது. புகுந்தவர்கள் உடனே எதனையும் தொடவில்லை. ஓர் ஆண்டுக்கு மேல் உள்ளே மறைந்திருந்து, பணம் அனுப்பும் முறையைக் கற்றனர்.

2016ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் வியாழக்கிழமை இரவு, வங்கி வார விடுமுறைக்காக மூடிய பின்னர், அவர்கள் தொழிலைத் தொடங்கினர். நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க மத்திய வங்கிக் கிளையில் பங்களாதேஷ் வைத்திருந்த கணக்கிலிருந்து பணம் அனுப்புமாறு 35 கட்டளைகள் பிறந்தன. அவற்றின் மொத்தத் தொகை ஏறத்தாழ 951 மில்லியன் டொலர். கட்டளைகளைத் தாளிற் பதிக்கும் அச்சுப்பொறியையும் அவர்கள் முன்னரே செயலிழக்கச் செய்திருந்தனர். ஆகவே டாக்காவில் எவரும் உடனே அறியவில்லை. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டு வங்கியொன்றுக்குச் சென்று, சூதாட்ட விடுதிகளின் வழியே மறைந்தது. 20 மில்லியன் டொலர் இலங்கைக்குப் புறப்பட்டது.

இலங்கைக்கு வந்த பணம் ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு அனுப்பப்பட்டிருந்தது. அக்கட்டளையில் 'பவுண்டேஷன்' என்னும் ஆங்கிலச் சொல் 'பண்டேஷன்' என்று ஒலிக்குமாறு பிழைபட எழுதப்பட்டிருந்தது. இடைநின்ற ஜெர்மானிய வங்கியான டொய்ச்சே வங்கி அப்பிழையைக் கண்டு விளக்கம் கேட்டது. கொழும்பில் பணத்தைப் பெற்ற வங்கியிலும், இத்துணைப் பெருந்தொகை இத்தகைய கணக்குக்கு வருவது வழக்கமன்றே என்னும் ஐயம் எழுந்தது. பணம் தடுத்து நிறுத்தப்பட்டுத் திரும்பிச் சென்றது. எஞ்சிய கட்டளைகளுள் பெரும்பாலான நியூயோர்க்கிலேயே தடைபட்டன. இக்கொள்ளையை வடகொரிய அரசின் சார்பில் இயங்கியோர் செய்தனர் என்று அமெரிக்க நீதித் திணைக்களம் 2018ஆம் ஆண்டிற் குற்றஞ்சாட்டியது. வடகொரியா அதனை மறுத்தது.

இந்நிகழ்ச்சியைக் கேட்போர் பலர், எழுத்துப் பிழையே வங்கியைக் காத்தது என்று முடிவு கட்டுவர். அம்முடிவு பாதி உண்மையே. பிழை கண்ணிற் பட்டது. ஆயினும் கண்டவர் அதனைப் புறக்கணித்துக் கட்டளையை நிறைவேற்றியிருந்தால் பணம் போயிருக்கும். காத்தது, "சற்றுப் பொறுக்க, கேட்டபின் அனுப்புவோம்" என்று கையை நிறுத்திய ஒரு மனிதரின் தயக்கம். இவ்வேறுபாடு இன்று மிக முக்கியமானது. ஏனெனில், எழுத்துப் பிழை என்னும் காவலாளி இப்பொழுது பணியிலிருந்து நீங்கிவிட்டார். சில ஆண்டுகளுக்கு முன்வரை, மோசடி மடல் தமிழில் வந்தால் அதன் கோணல் நடையே அதனைக் காட்டிக்கொடுத்தது. இன்று செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் எவருக்கும் பிழையற்ற தமிழில் மடல் வரைந்து கொடுக்கின்றன. பழகிய குரலைப் போலப் பேசவும் செய்கின்றன. இனி நல்ல நடையை நேர்மைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

அவ்வாறாயின் பொய் மடலை இனங்காண்பது எங்ஙனம்? மன்னார்ப் பகுதியிலேயே அதற்கொரு பழைய உவமை உண்டு. அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், எடுத்த முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகள் பத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலிப்பர். இருபது துளை உள்ளதிலிருந்து ஆயிரம் துளை உள்ளதுவரை அவை அமைந்திருக்கும். ஒரே சல்லடையில் எல்லா முத்தும் தரம் பிரிவதில்லை. மடல்களையும் அவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாகச் சில சோதனைகளுக்கு உட்படுத்துதல் வேண்டும்.

முதலாவது, பெயரை விடுத்து முகவரியைப் பார்த்தல். திரையில் வங்கியின் பெயர் தெரியலாம். அதன்மேல் விரலை வைத்தால் உண்மையான முகவரி வெளிப்படும். முகவரியை வாசிக்கும் முறையும் ஒன்றுண்டு. தபால் முகவரியில் வீடு, தெரு, ஊர், நாடு என்று வரிசை செல்வது போல, இணைய முகவரியிலும் கடைசிப் பகுதியே ஊரைக் குறிப்பது. யாழ்ப்பாணத்தில் கண்டி வீதி என்றொரு வீதி உண்டு. அவ்வீதியில் உள்ள கடை கண்டியில் இருப்பதாக எவரும் எண்ணார். அதுபோலவே, இணைய முகவரியின் தொடக்கத்தில் வங்கியின் பெயர் இருப்பதனால் அது வங்கியின் தளமாகிவிடாது. முதலில் வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்கு உடனே முன்னர், 'கொம்', 'எல்கே' போன்ற முடிவுகளை ஒட்டி நிற்கும் பெயர் எதுவோ அதுவே அத்தளத்தின் உரிமையாளரைக் காட்டும். ஓரெழுத்து மாறியிருத்தல், இடையே சிறு கோடு புகுந்திருத்தல், ஒன்று என்னும் இலக்கம் எழுத்துப்போல் நிற்றல் ஆகியவற்றையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

இரண்டாவது, மடல் கேட்பது யாது என்று பார்த்தல். கடவுச்சொல்லையோ, அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கங்களையோ, தொலைபேசிக்கு வந்த குறியீட்டையோ எழுத்தில் தரும்படி எந்த வங்கியும் மடல் அனுப்பிக் கேட்பதில்லை. கேட்பின், கேட்பது வங்கியன்று. மூன்றாவது, அவசரத்தைப் பார்த்தல். இன்றே, இப்பொழுதே, எவரிடமும் கூறாதே என்னும் சொற்கள் ஒரு மடலில் இருக்குமாயின் அவையே ஐயத்துக்குப் போதிய காரணம். நேர்மையான அலுவலகம் எதுவும், மனிதன் தன் மனைவியிடமோ மகனிடமோ கலந்து பேசுவதைத் தடுக்காது. நான்காவது, எதிர்பாராத இணைப்புக் கோப்புகள். கேளாமல் வந்த விலைப்பட்டியலும், விண்ணப்பியாமல் வந்த வேலைக் கடிதமும் திறக்கத் தக்கன அல்ல.

இணையத்தள முகவரிக்கு அருகில் தோன்றும் சிறு பூட்டுச் சின்னத்தைக் கண்டு சிலர் மனம் ஆறுவதுண்டு. அப்பூட்டு, எழுதுவது வழியிற் பிறர் கண்ணிற் படாமற் செல்லும் என்பதை மட்டுமே உறுதி செய்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று அது கூறவில்லை. போலித் தளங்களும் இன்று அப்பூட்டோடு தான் வருகின்றன. மாதோட்டத்து வணிகனின் இரண்டாம் வினாவுக்கு அது விடையாகலாம். முதல் வினாவுக்கு ஆகாது.

இச்சோதனைகள் அனைத்தையும் கடந்து வரும் பொய் மடலும் உண்டு. நண்பரின் கணக்கையே கைப்பற்றி, அவருடைய உண்மையான முகவரியிலிருந்தே வரும் மடலை என்ன செய்வது? ஆகையால் எல்லாச் சோதனைக்கும் மேலான சோதனை ஒன்றுண்டு. அது, மடல் காட்டிய வழியே செல்லாமல், ஏற்கனவே அறிந்த வழியே சென்று கேட்டல். வங்கியிடமிருந்து மடல் வந்தால், அதிலுள்ள இணைப்பை அழுத்தாமல், வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தல். அல்லது மன்னார் நகருக்குச் செல்லும்பொழுது கிளையில் நேரிற் கேட்டல். மகன் பணம் கேட்டு எழுதினால், அவனுடைய பழைய இலக்கத்துக்கு அழைத்து அவன் குரலைக் கேட்டு, குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒன்றை வினவுதல். மடலிலேயே தந்திருக்கும் தொலைபேசி இலக்கம் இதற்குப் பயன்படாது. அது தூண்டிலின் மறுமுனையே. இந்த ஒரு பழக்கம் கைவந்தால், இயந்திரம் எத்துணை அழகாக எழுதினாலும் கவலையில்லை.

இதற்குத் துணையாகச் சில ஏற்பாடுகளும் உள. எல்லாத் தளங்களுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்தல், வீட்டுக்கும் பெட்டகத்துக்கும் கடைக்கும் ஒரே திறவுகோல் வைத்தலை ஒக்கும். எனவே தனித்தனிக் கடவுச்சொற்கள் வேண்டும். அவற்றை நினைவில் வைக்க இயலாதோர், கடவுச்சொற்களைக் காத்து வைக்கும் செயலி ஒன்றைப் பயன்படுத்தலாம். அதில் மற்றொரு நன்மையும் உண்டு. மனிதக் கண் ஏமாறினும் அச்செயலி ஏமாறுவதில்லை. முகவரி ஓரெழுத்து மாறினாலும் அது கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது. அண்மைக் காலத்தில் 'பாஸ்கீ' எனப்படும் முறையும் பரவி வருகின்றது. அதில் எழுதிக் கொடுப்பதற்குக் கடவுச்சொல்லே இல்லை. தொலைபேசி, உண்மையான தளத்துக்கு மட்டுமே விடையளிக்கும். களிமண் முத்திரையின் புதிய வடிவம் என்று அதனைக் கூறலாம். வேறெதனையும் காக்க முடியாதோர், தம் மின்னஞ்சற் கணக்கையேனும் இருமடங்கு காவலோடு வைத்திருத்தல் வேண்டும். ஏனைய கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் வழி மின்னஞ்சலின் ஊடாகவே செல்கின்றது.

அரசாங்க அலுவலகங்களும் இவ்வாபத்துக்கு விலக்கல்ல. 2023ஆம் ஆண்டில் இலங்கை அரசின் மின்னஞ்சற் களஞ்சியம் கப்பம் கோரும் தீய நிரலொன்றால் தாக்குண்டது. அவ்வாண்டு மே மாதம் 17ஆம் நாள் முதல் ஆகஸ்ட் 26ஆம் நாள்வரை சேர்ந்த மடல்கள், ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்கு உரியவை, மீளப் பெற முடியாமல் அழிந்தன. அதற்குரிய மாற்றுப் பிரதி வேறிடத்தில் வைக்கப்படாமையே இழப்பை நிலையாக்கிற்று. தூண்டிலைத் தவிர்ப்பதோடு, முக்கியமான ஆவணங்களுக்கும் படங்களுக்கும் இணையத்தோடு தொடர்பற்ற ஒரு பிரதியை வைத்திருத்தலும் அறிவுடைமை என்பதை அது உணர்த்தியது.

இவ்வளவு எச்சரிக்கைக்கும் பின்னர் ஒருவர் அகப்பட்டுவிட்டால் செய்யத்தக்கது யாது? முதலில் வங்கிக்கு அறிவித்துக் கணக்கையும் அட்டையையும் நிறுத்துதல் வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் வேகத்தில், ஒரு மணித்தியாலத் தாமதமும் பெரிது. அடுத்துக் கடவுச்சொற்களை மாற்றுதல். மின்னஞ்சற் கணக்கின் கடவுச்சொல்லை முதலில் மாற்றுதல். வந்த மடலை அழிக்காமல் சான்றாக வைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்தில் முறையிடுதல். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்கென உள்ளது. 2006ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கைக் கணினி அவசர ஆயத்தக் குழுவும் இத்தகைய முறைப்பாடுகளை ஏற்று வழிகாட்டுகின்றது. 101 என்னும் இலக்கத்தில் அதனை அழைக்கலாம்.

இவை யாவற்றுக்கும் தடையாக நிற்பது ஒன்றுண்டு, அது வெட்கம். "படித்த மனிதன் ஏமாந்தானாம்" என்று ஊரார் நகைப்பரோ என்று அஞ்சி, பலர் இழப்பை மனத்துக்குள்ளேயே புதைத்துவிடுகின்றனர். பிள்ளைகள் கடிந்து கொள்வரென்று அவர்களிடமும் கூறுவதில்லை. அம்மௌனமே மோசக்காரனுக்குப் பெருந்துணை. ஆசிரியர் வாய் திறந்து கூறியிருந்தால் வங்கி சில பரிமாற்றங்களையேனும் தடுத்திருக்கலாம். அயல்வீட்டார் அதே மடலைத் திறவாதிருந்திருப்பர். மத்திய வங்கியின் ஊழியரே ஏமாந்த சூழ்ச்சியில் ஒரு முதியவர் ஏமாறுவது இழுக்கன்று. அவரைக் கடிந்து கொள்ளும் பிள்ளைகள், அடுத்த முறை அவர் கூறாமல் மறைப்பதற்கே வழி செய்கின்றனர்.

ஆதலின் இவ்வறிவு ஒருவரோடு நில்லாது வீடுதோறும் செல்லுதல் வேண்டும். தொலைபேசியை நன்கறிந்த இளையோர், மாலையில் ஒரு நாழிகை பெற்றோரோடு அமர்ந்து, இணைய முகவரியை வாசிக்கும் முறையையும் குறியீட்டை எவருக்கும் கொடாமையையும் கற்பிக்கலாம். சங்கங்களும் வாசிகசாலைகளும், சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரத்தில் கூடும் தொண்டர் குழுக்களும், ஓர் அறிவித்தற் பலகையில் இச்செய்தியை எழுதி வைக்கலாம். எழுத வேண்டுவது மிகச் சிறிதே: மடல் காட்டும் வழியிற் செல்லாதீர், அறிந்த வழியிற் சென்று கேட்டபின் செய்யுங்கள், ஏமாந்தால் உடனே கூறுங்கள்.